ஒற்றை ஆதாரத்தில் ஒரு ராக் பாட்டு

'வேல்' என்ற பெயரில் 2011இல் லண்டனிலிருந்து ஓர் ஆல்பம் வெளிவந்தது. முருகன் மீதான தமிழ்ப் பக்திப் பாட்டுகள் அதில் உண்டு. பக்கத்தில் சுருதிப் பெட்டியும் ஜால்ராவும் இல்லை. எலக்ட்ரிக் கிட்டாரும் டிரம்ஸும் தபலாவும் முழங்குகின்றன. பாடியவர் சுசீலா ராமன். தமிழ்ப் பெற்றோருக்கு 1973இல் லண்டனில் பிறந்தவர். நான்கு வயதில் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போய், சிட்னியில் கர்நாடக சங்கீதம் கற்று, சிறு வயதிலேயே கச்சேரி பாடி, பதின்ம வயதில் அதை விட்டு விலகி ராக், ப்ளூஸ் பாடும் குழு நடத்தியவர். கிட்டார் வாசித்தவர் சாம் மில்ஸ், ஆங்கிலேயர். சுசீலாவைச் சந்திக்கும் முன்பே வங்கத்து பவுல் பாடகர் பபன் தாஸ் பவுலுடன் சேர்ந்து 1997இல் 'ரியல் சுகர்' என்ற ஆல்பத்தை வெளியிட்டிருந்தார். மேடையில் பாடகியின் பெயர்தான் முன்னால் நிற்கும் என்றாலும், இருபது ஆண்டுகளுக்கு மேலாக இது இந்த இருவரைச் சுற்றி இயங்கும் ஒரு குழு.

இந்தக் குழுவின் கதையைத் திருவாமாத்தூரில் உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. முருகன் பாட்டின் தாளக் கட்டுக்கு இலக்கணம் எழுதிய வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் கௌமார மடம் நிறுவி வாழ்ந்து மறைந்த ஊர் இது. ராக் மேடையில் ஏறும் முருகன் பாட்டில் எது மிஞ்சுகிறது, எது உதிர்கிறது என்று அளந்து பார்க்க அவர் விட்டுப்போன அளவுகோலைவிட நுட்பமான ஒன்று கிடைப்பது அரிது. அதற்கு முன், இத்தகைய இசையைப் பற்றிப் பேச்செடுத்தாலே வந்துவிடும் சில குழப்பங்களைப் பிரித்துப் பார்த்துவிடலாம்.

முதலில் ப்ளூஸ். 'சோகப் பாட்டு' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது வழக்கம். அப்படியே 'நம்ம முகாரி மாதிரி' என்றும் சேர்த்துக்கொள்வார்கள். இரண்டும் அரைகுறை. அமெரிக்காவின் தெற்கே, அடிமை முறை ஒழிந்த பின்னும் பருத்திக் காட்டில் குத்தகைக் கூலிகளாகச் சிக்கிக் கிடந்த கறுப்பின மக்களிடையே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உருப்பெற்ற பாட்டு முறை அது. 1903 வாக்கில் மிசிசிப்பி மாநிலத்து டட்வைலர் ரயில் நிலையத்தில், கிட்டார் தந்தியின் மேல் கத்தியை அழுத்தி இழுத்தபடி ஒருவர் பாடிக்கொண்டிருந்ததைக் கேட்டதாக இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹேண்டி பின்னாளில் எழுதினார். கத்தியை இழுத்தால் தந்தி ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகும். நம் வீணையின் ஜாருவை அறிந்த காதுக்கு அது அந்நியமாகப் படாது. 1920இல் மேமி ஸ்மித் பாடிய 'கிரேசி ப்ளூஸ்' இசைத்தட்டு அமோகமாக விற்றது. 1943இல் ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் மிசிசிப்பியை விட்டு சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தார். அந்த நகரத்து இரைச்சலுக்கு மேல் கேட்க வேண்டுமென்று கிட்டாரில் மின்சாரம் ஏறியது. அந்த மின்சாரக் கிட்டாரிலிருந்துதான் ராக் கிளைத்தது. ப்ளூஸில் துக்கம் உண்டு. கேலியும் காமமும் கைகொட்டி ஆடுவதும் அதே அளவுக்கு உண்டு.

ஒரு ப்ளூஸ் பாட்டின் வழக்கமான எலும்புக்கூடு பன்னிரண்டு பார். ஒரு பாருக்கு நான்கு அடி என்றால் மொத்தம் 48. நம் ஆதி தாளத்தில் ஆறு ஆவர்த்தனம். பாடகர் ஒரு வரி பாடுவார். கிட்டார் பதில் சொல்லும். அதே வரியை மறுபடி பாடுவார். கிட்டார் வேறு பதில் சொல்லும். மூன்றாவதாக முடிவு வரி, அதற்கும் ஒரு பதில். தெருக்கூத்து பார்த்து வளர்ந்த விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் காதுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. கட்டியக்காரனோ ராஜாவோ ஒரு அடியைப் பாடி நிறுத்த, பின்பாட்டுக்காரர்கள் அதன் வாலைப் பிடித்துத் திருப்பிப் பாடுவதும், இடையே முகவீணை புகுந்து அடுத்த அடிக்கு வழிவிடுவதும் இதே உறவுதான். 

சுரங்களிலும் உறவு உண்டு. ப்ளூஸ் கிட்டார் கலைஞர்கள் அதிகம் புழங்கும் ஐந்து சுரங்களை நம் கணக்கில் எழுதினால் ச, சாதாரண காந்தாரம், சுத்த மத்தியமம், ப, கைசிகி நிஷாதம். அதாவது சுத்த தன்யாசியின் சுரங்கள். இன்று பாடப்படும் ஆபேரியின் ஆரோகணமும் இதே ஐந்துதான். இங்கேதான் பலர் துள்ளிக் குதித்து, 'அப்படியானால் ப்ளூஸே நம்மிடமிருந்து போனது' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஐந்து சுரம் கொண்ட இசை சீனத்திலும் ஸ்காட்லாந்திலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் இருக்கிறது. ஒரே படிக்கட்டு பல வீடுகளில் இருப்பதால் எல்லா வீட்டுக்கும் மேஸ்திரி ஒருவரே என்று ஆகிவிடாது. ப்ளூஸின் முன்னோரைத் தேடுபவர்கள் போகவேண்டிய இடம் மேற்கு ஆப்பிரிக்கா. மாலி நாட்டின் அலி ஃபர்க்கா டூரே அதைத் தன் கிட்டாராலேயே வாதிட்டவர். அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ரை கூடருடன் அவர் செய்த 'டாக்கிங் டிம்பக்டு' 1994இல் வெளிவந்து கிராமி விருது பெற்றது. அதற்குச் சற்று முன் இதே ரை கூடர், நம் நாட்டு விஷ்வ மோகன் பட்டுடன் 'எ மீட்டிங் பை த ரிவர்' என்ற ஆல்பத்தையும் செய்திருந்தார். அதற்கும் கிராமி கிடைத்தது.

படிக்கட்டு ஒன்றாக இருந்தும் இரண்டு இசைகளும் எளிதில் ஒட்டாததற்கு ஒரு காரணம் இருக்கிறது. நம் பாட்டில் ஆதாரம் நகராது. கச்சேரி தொடங்கும்போது தம்புரா பிடித்த சட்ஜம் மங்களம் வரை அங்கேயே நிற்கும். எல்லாச் சுரமும் அந்த ஒன்றிலிருந்து எத்தனை தூரம் என்பதில்தான் தன் குணத்தைப் பெறுகிறது. பன்னிரண்டு பார் ப்ளூஸில் அடித்தளம் நடக்கும். முதல் நான்கு பார் ச மேல் எழுந்த கார்ட். பிறகு ம மேல் இரண்டு பார். திரும்ப ச. பிறகு ப, ம, ச. கார்ட் என்பது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கொத்து. அது மாறும்போதெல்லாம் பாடும் சுரத்தின் அர்த்தமும் மாறுகிறது. ஆபேரியில் ஒருவர் பாடிக்கொண்டிருக்கும்போது கிட்டார் ப கார்டுக்குப் போனால், அந்தக் கொத்துக்குள் காகலி நிஷாதம் வந்துவிடும். ஆபேரிக்கு உரியது கைசிகி. இரண்டும் உரசும்.

அந்த உரசலே ப்ளூஸின் ருசி என்பது இன்னொரு விஷயம். கீழே கார்டில் அந்தர காந்தாரம் ஒலிக்க, மேலே பாடகர் சாதாரண காந்தாரத்தைத் தொட்டு, இரண்டுக்கும் நடுவே எங்கோ நெளிவார். 'ப்ளூ நோட்' என்று அவர்கள் சொல்வது அந்த நெளிவைத்தான். நம் கமகமும் நெளிவுதான். ஆனால் நம் நெளிவு நகராத சட்ஜத்தோடு பேசுகிறது, அவர்களுடையது நகரும் கார்டோடு சண்டை போடுகிறது. சினிமா மெட்டிலும் கல்லூரி விழா மேடையிலும் ராகத்தின் அடியில் மூன்று கார்டைச் செருகிவிட்டு ஃபியூஷன் என்று சொல்வது ஏன் பல சமயம் காதில் மணலாக உறுத்துகிறது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது.

இதிலிருந்து தப்ப ஒரு வழி ப்ளூஸுக்குள்ளேயே உண்டு. எல்லா ப்ளூஸும் பன்னிரண்டு பார் இல்லை. ஜான் லீ ஹூக்கர் 1948இல் டெட்ராய்ட்டில் பதிவுசெய்த 'பூகி சில்லன்' கிட்டத்தட்ட ஒரே கார்டில், காலைத் தரையில் தட்டியபடி, தொடக்கம் முதல் முடிவு வரை ஓடுகிறது. வடக்கு மிசிசிப்பி மலைப்பகுதிக் கலைஞர்களின் பாணியும் அதை ஒட்டியதே. அலி ஃபர்க்கா டூரேயின் கிட்டாரும் பெரும்பாலும் ஒரே இடத்தைச் சுற்றிச் சுழலும். இந்த ஒற்றை ஆதார ப்ளூஸில்தான் ராகத்துக்கு உட்கார இடம் கிடைக்கிறது. தம்புராவின் வேலையைக் கிட்டார் எடுத்துக்கொள்கிறது. அதோடு தாளத்தையும் ஓட்டுகிறது.

சுசீலா ராமன், சாம் மில்ஸ் குழுவின் பயணத்தை இந்தக் கண்ணோடு பார்த்தால் தெளிவாகப் புரியும். 1995இல் சுசீலா இந்தியா வந்து ஸ்ருதி சடோலிக்கரிடம் இந்துஸ்தானி கற்றார். 1997இல் இங்கிலாந்து திரும்பி மில்ஸுடன் வேலை தொடங்கினார். 2001இல் வந்த முதல் ஆல்பம் 'சால்ட் ரெய்ன்'. தியாகராஜரின் 'நகுமோமு' அதில் இருக்கிறது. மைசூர் வாசுதேவாச்சாரின் 'மாமவது' இருக்கிறது. பக்கத்திலேயே டிம் பக்லியின் ஆங்கிலப் பாட்டு ஒன்று இருக்கிறது. அந்த ஆண்டின் பிரிட்டிஷ் மெர்க்குரி இசைப் பரிசுக்கான இறுதிப் பட்டியலில் இந்த ஆல்பம் இடம்பெற்றது. 2002இல் பிபிசி ரேடியோ 3 வழங்கிய வேர்ல்ட் மியூசிக் விருதில் சிறந்த புதுமுகம் என்ற விருதும் வந்தது.

'நகுமோமு' பொருந்தியது தற்செயல் இல்லை. அதன் ஆபேரி ஆரோகணம் ப்ளூஸ் கிட்டாரின் ஐந்து சுரமே என்று மேலே பார்த்தோம். கிட்டார் கலைஞரின் விரல் ஏற்கனவே பழகிய தடம் அது. அவர் கார்டை அலையவிடாமல் ஆதாரத்தைக் காத்தால் போதும், பாட்டு தன் வழியில் நடக்கும். ஆனால் அந்த ஆல்பத்தை இன்று கேட்கும்போது ஒரு எச்சரிக்கையும் தெரிகிறது. கீர்த்தனைகள் மென்மையாக, பத்திரமாகப் பாடப்பட்டிருக்கின்றன. கண்ணாடிப் பாத்திரத்தைக் கையில் ஏந்தி நடப்பவரின் நடை அது. அழகுதான். ராக் இல்லை.

அடுத்த ஆண்டுகளில் குழு பல திசைகளில் கையை நீட்டியது. 2003இல் 'லவ் ட்ராப்'. அதன் தலைப்புப் பாட்டு எத்தியோப்பியாவின் மஹ்மூத் அஹமதுடைய மெட்டிலிருந்து வந்தது. 2005இல் 'மியூசிக் ஃபார் க்ரோகோடைல்ஸ்'. அதன் ஒரு பகுதி சென்னையில் பதிவானது. அதிலிருந்து ஒரு பாட்டை இயக்குநர் மீரா நாயர் 'த நேம்சேக்' படத்தில் பயன்படுத்தினார். 2007இல் வந்த ஆல்பத்துக்குப் பெயரே எல்.பி. தட்டு சுழலும் வேகமான முப்பத்து மூன்றும் மூன்றில் ஒன்றும். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் போன்றோரின் பழைய ராக் பாட்டுகளைத் தம் வழியில் பாடிய ஆல்பம். பலர் இதை ஒரு விலகல் என்று நினைத்தார்கள். பின்னால் வந்ததை வைத்துப் பார்த்தால் அது ஒரு பயிற்சிக்கூடம் என்றுதான் தோன்றுகிறது. ராக் பாட்டைப் பயமில்லாமல் ஓங்கிப் பாடும் குரலை அங்கே தேடிக்கொண்டுதான் 'வேல்'லுக்கு வந்தார்கள்.

வந்த வழி முக்கியம். கீர்த்தனையை விட்டுவிட்டு, கோயில் வாசலிலும் பாதயாத்திரையிலும் பாடும் பக்திப் பாட்டுக்கு சுசீலா திரும்பினார். கோவை கமலா என்ற பக்திப் பாடகியிடம் அந்தப் பாட்டுகளைக் கற்றார். சபாவில் அமர்ந்து கேட்கும் பாட்டுக்கும் காவடி தூக்கியபடி பாடும் பாட்டுக்கும் உள்ள வித்தியாசம் உடம்பில் இருக்கிறது. காவடிப் பாட்டு நடக்கும், ஆடும், ஒரே அடியை மறுபடி மறுபடி பாடிச் சூடேற்றும், கூட்டத்தின் பதிலை எதிர்பார்த்து நிற்கும். ஆதாரம் ஒன்று, தாளம் ஒன்று, ஏறிக்கொண்டே போவது உக்கிரம் மட்டும். ஹூக்கரின் ஒற்றைக் கார்ட் பூகியும் இதையேதான் செய்கிறது. 'வேல்' ஆல்பத்தின் 'என்னப்பனே' பாட்டைக் கேட்டால், கிட்டாரும் பக்தியும் ஒன்றுக்கொன்று வழிவிட்டு ஒதுங்கி நிற்பதாகத் தெரியாது. இரண்டும் ஒரே சாமியாட்டத்தில் இருக்கின்றன.

இதில் தாளத்தின் பங்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். ப்ளூஸில் 'ஷஃபிள்' என்றொரு நடை உண்டு. ஒவ்வொரு அடியையும் மூன்றாகப் பிரித்து, முதல் இரண்டைச் சேர்த்து நீட்டி, மூன்றாவதைக் குறுக்கி வாசிப்பது. நெடில் குறில், நெடில் குறில் என்று நொண்டிக்கொண்டே ஓடும். நம் திஸ்ர நடையும் தகிட தகிட என்று மூன்றின் கணக்கு. கழுகுமலை முருகன் மீது அண்ணாமலை ரெட்டியார் பாடிய காவடிச் சிந்து அந்த நடையில் துள்ளுவதைக் கேட்காத தமிழர் குறைவு. காவடி ஆடுபவரின் காலும் மிசிசிப்பி மதுக்கடையில் ஆடுபவரின் காலும் இந்த மூன்றில் சந்திக்கின்றன. இதற்கு வரலாற்றுத் தொடர்பு எதுவும் தேவையில்லை. தோளில் பாரத்தோடு நடக்கும் உடம்புக்கு மூன்றின் ஆட்டம் இயல்பாக வருகிறது என்பதே போதும்.

இப்போது தண்டபாணி சுவாமிகளிடம் வரலாம். 1839இல் நெல்லைச் சீமையில் பிறந்தவர், 1898இல் திருவாமாத்தூரில் மறைந்தவர். முருகதாசர் என்றும் திருப்புகழ் சுவாமிகள் என்றும் பெயர். லட்சம் பாட்டுப் பாடினார் என்று சொல்வார்கள். புலவர் புராணம், அறுவகை இலக்கணம் போன்ற நூல்களோடு 'வண்ணத்தியல்பு' என்ற இலக்கண நூலையும் எழுதினார். அருணகிரிநாதர் போன்றோர் பாடிய வண்ணப் பாட்டின் சந்தத்துக்கு விதி சொல்லும் நூல் அது.

வண்ணத்தின் விதி கடுமையானது. தத்த, தந்த, தன்ன, தய்ய, தான என்று சந்தத்துக்கு அலகுகள் உண்டு. முதல் அடியில் எந்த வரிசையில் இவை வந்தனவோ அதே வரிசை மற்ற அடிகளிலும் வரவேண்டும். அது மாத்திரைக் கணக்கு மட்டும் இல்லை. 'தத்த' இருக்கும் இடத்தில் 'முத்து' போல வல்லின ஒற்று வரும். 'தந்த' இருக்கும் இடத்தில் 'சிந்து' போல மெல்லினத்தை அடுத்து வல்லினம் வரும். 'தய்ய' இருந்தால் இடையினம். ஒலிக்கும் நேரம் ஒன்றானாலும் 'முத்து'வும் 'சிந்து'வும் வேறு வேறு அடி. மிருதங்கத்தில் ஒரே கால அளவுக்குள் வலந்தலையில் ஒரு சொல்லும் தொப்பியில் ஒரு சொல்லும் விழுவது போலத்தான், வண்ணத்தில் மெய்யெழுத்தே தோலில் விழும் கை. அதனால்தான் திருப்புகழை வாத்தியமே இல்லாமல் வாயால் சொன்னாலும் தாளம் கேட்கிறது.

இந்த அளவுகோலை ராக் மேடைக்கு எடுத்துப்போனால் ஒரு சிக்கல் தெரியும். டிரம்ஸ் வாசிப்பவர் நான்கடியில் இரண்டாவதிலும் நான்காவதிலும் ஸ்னேர் மீது ஓங்கி அடிப்பார். ராக்கின் அடையாளமே அந்த எடுப்பு. ஆங்கிலப் பாட்டுக்கு அது பொருந்தும், ஏனென்றால் ஆங்கிலச் சொல்லில் ஏதோ ஒரு அசை எப்போதும் ஓங்கி ஒலிக்கும். அந்த அசையைக் கொண்டுபோய் அடியின் மேல் நிறுத்துவார்கள். தமிழில் அசைக்கு அப்படி ஓங்கல் இல்லை. குறில் நெடிலும் ஒற்றின் இனமும்தான் கனத்தைத் தீர்மானிக்கின்றன. ஸ்னேர் எங்கே விழுகிறது என்பது வல்லின ஒற்று எங்கே விழுகிறது என்பதோடு ஒத்துப்போகாவிட்டால், காது ஸ்னேரின் பக்கம் சாய்ந்துவிடும். மெய்யெழுத்துகள் கரைந்து, உயிரெழுத்துகளின் நீட்டல் மட்டும் மிதக்கும்.

'வேல்' ஆல்பத்தில் இந்த இழப்பு என் காதில் படுகிறது. சில இடங்களில் டிரம்ஸ் ஓங்கும்போது தமிழ்ச் சொல்லின் விளிம்பு மழுங்குகிறது. ஆங்கிலச் சூழலில் வளர்ந்த நாக்கின் சாயலும் அதில் கொஞ்சம் உண்டு. தபலா முன்னால் வரும் இடங்களில் சொல் மீண்டும் கூர்மை பெறுகிறது, ஏனென்றால் தபலாவுக்கும் வல்லினம் மெல்லினம் தெரியும். ஆக, ஆதாரச் சிக்கலை இந்தக் குழு அழகாக அவிழ்த்துவிட்டது, சந்தச் சிக்கலைப் பாதிதான் அவிழ்த்தது என்பது என் கணிப்பு. அவர்கள் எடுத்துக்கொண்டது எளிய பக்திப் பாட்டு, சந்தம் இறுகிய திருப்புகழ் இல்லை என்பதால் இழப்பு தாங்கும் அளவில் நிற்கிறது. மிஸ்ரமும் கண்டமும் கலந்து ஓடும் ஒரு திருப்புகழை எந்த ராக் குழுவாவது தொட நினைத்தால், முதலில் டிரம்ஸ் வாசிப்பவரை உட்காரவைத்து தத்தத்த தனதான சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகும், 'சாமி பாட்டில் கிட்டார் எதற்கு' என்பவர்கள் இருப்பார்கள். அவர்களுடைய கவலையில் நியாயம் இருக்கிறது, காரணம் தவறாக இருக்கிறது. கருவி எங்கிருந்து வந்தது என்பதை வைத்துத் தள்ளுவதானால் பஜனை மடத்து ஆர்மோனியத்தை முதலில் வெளியே வைக்க வேண்டும். ஐரோப்பாவில் பிறந்த பெட்டி அது. 1940இல் தொடங்கி முப்பது ஆண்டுகள் அகில இந்திய வானொலி அதைத் தன் ஒலிபரப்பில் தடைசெய்தும் வைத்திருந்தது. கூத்துக்காரர்கள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. வயலினும் அப்படித்தான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி சென்னையில் ஐரோப்பியரிடம் கற்று நம் கச்சேரிக்குள் கொண்டுவந்தார். தீட்சிதரோ வெள்ளைக்காரர் பேண்டு வாத்திய மெட்டுகளுக்கே சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். 'சந்ததம் பாஹிமாம்' என்ற நோட்டுஸ்வரத்தின் மெட்டு இங்கிலாந்தின் ராஜ வாழ்த்து. வயலின் நிலைத்ததற்குக் காரணம் அது கமகத்துக்கு வளைந்து கொடுத்தது. நோட்டுஸ்வரம் குழந்தைகள் பாடும் அளவில் நின்றுபோனதற்குக் காரணம் அதன் மெட்டில் கமகத்துக்கு இடமில்லாதது. கேட்க வேண்டிய கேள்வி அதுதான்: வந்த கருவி பாட்டின் எலும்புக்கு வளைந்து கொடுக்கிறதா?

இனி 'வேர்ல்ட் மியூசிக்' என்ற பெயர். அது ஓர் இசை வகை என்று நினைப்பது இன்னொரு குழப்பம். 1987இல் லண்டனில் ஒரு மதுக்கூடத்தில் சிறு இசைத்தட்டு நிறுவனக்காரர்கள் கூடி, எந்த அலமாரியில் வைப்பதென்று கடைக்காரர்களுக்குத் தெரியாத தட்டுகளுக்கு ஒரு பொதுப் பெயர் வேண்டும் என்று பேசி முடித்த வணிகத் தீர்மானம் அது. மாலியும் தமிழ்நாடும் பல்கேரியாவும் ஒரே தட்டில் அடுக்கப்பட்டன. அதனால் விற்பனை கூடியது உண்மை. அந்தப் பெயர் இல்லாவிட்டால் சுசீலா ராமனுக்கு பிபிசி விருதுக்கான பிரிவே இருந்திருக்காது. அதே பெயர் ஒரு வேலியாகவும் நின்றது. ராக் கேட்பவர்கள் அந்த அலமாரிப் பக்கம் வரமாட்டார்கள். பக்திப் பாட்டு கேட்கும் நம்மவர்கள் அந்தக் கடைக்கே போகமாட்டார்கள். ஆடி கிருத்திகைக்கு ஊரெல்லாம் ஒலிபெருக்கி கட்டும் தமிழ்நாட்டில் 'வேல்' ஒலித்ததில்லை என்பதற்கு இசைக் காரணத்தைவிட இந்த அலமாரிக் காரணம் பெரிது. கிராமி விருதுக்காரர்கள் 2020இல் அந்தப் பெயரைக் கைவிட்டு 'குளோபல்' என்று மாற்றிக்கொண்டார்கள். பலகை மாறியது, அலமாரி அங்கேயேதான் இருக்கிறது.

உள்நாட்டில் இந்த வேலியைத் தாண்டிய குழு என்றால் டெல்லியின் இந்தியன் ஓஷன். 1990இல் சுஸ்மித் சென்னும் அஷீம் சக்ரவர்த்தியும் தொடங்கியது. ராகுல் ராமும் அமித் கிலமும் பிறகு சேர்ந்தார்கள். 2000இல் வந்த 'கண்டிசா' ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய துதிப்பாட்டு. அதே ஆல்பத்தில் நர்மதைப் பள்ளத்தாக்கின் பாட்டும் இருக்கிறது. அங்கே அணைக்கு எதிரான போராட்டத்தில் ராகுல் ராம் நேரடியாக ஈடுபட்டிருந்தார். 2009 டிசம்பரில் அஷீம் மறைந்தார். 2013இல் சென் விலகினார். ஆள் மாறியும் குழு ஓடுகிறது. இவர்களும் கார்டை அதிகம் அலையவிடுவதில்லை என்பதைக் கவனிக்கலாம். சென்னின் கிட்டார் ஒரு ஆதாரத்தைச் சுற்றியே வளைந்து வளைந்து போகும், கிட்டத்தட்ட ஆலாபனை. நம் விழுப்புரம் மாவட்டத்துக்குள்ளேயே பார்ப்பதானால் ஆரோவில் இருக்கிறது. அங்கே சாலிட்யூட் பண்ணையில் இயற்கை விவசாயம் செய்யும், இங்கிலாந்தில் பிறந்த கிருஷ்ணா மெக்கென்சி, எமர்ஜென்ஸ் என்ற குழுவோடு தமிழிலும் ஆங்கிலத்திலும் பாடுகிறார். அவருடைய தமிழ்ப் பேச்சைக் கைப்பேசியில் கேட்ட பலருக்கு அவருக்கு ஒரு இசைக்குழு இருப்பது தெரியாது.

'வேல்'லுக்குப் பிறகு சுசீலாவும் மில்ஸும் நின்றுவிடவில்லை. 2014இல் 'க்வீன் பிட்வீன்' ஆல்பத்தில் ராஜஸ்தான் கலைஞர்களும் பாகிஸ்தான் கவ்வாலிப் பாடகர்களும் சேர்ந்தார்கள். கவ்வாலியும் ஒற்றை ஆதாரத்தில், கைதட்டலில், ஒரே அடியைத் திருப்பித் திருப்பிப் பாடி உச்சத்துக்குப் போகும் பாட்டு என்பதால் அங்கே பாதை ஏற்கனவே வெட்டி வைக்கப்பட்டிருந்தது. 2018இல் அவர்கள் போன இடம்தான் ஆச்சரியம். 'கோஸ்ட் கேமலான்' ஆல்பத்துக்காக ஜாவாவின் சோலோ நகரத்துக்குப் போய், கோண்ட்ராங் குனார்த்தோ என்ற இசையமைப்பாளரோடும் அங்குள்ள கலைஞர்களோடும் வேலை செய்தார்கள். கேமலான் என்பது வெண்கலத் தகடுகளும் கோங்குகளும் சேர்ந்த குழு வாத்தியம். செய்யும்போது சேர்த்த சுருதியை மேடையில் மாற்ற முடியாது. ஒரு ஊர்க் கேமலானின் சுருதி அடுத்த ஊருடையதோடு ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கிட்டாரின் பன்னிரண்டு சுரத்துக்குள்ளும் அது அடங்காது. முதல் ஆல்பத்தில் கிட்டார் தன் கார்டுகளைத் துறந்து பாடகியின் ஆதாரத்துக்கு வந்தது. இங்கே கிட்டார், குரல் இரண்டுமே தம் சுருதியை விட்டு வெண்கலத்திடம் போகவேண்டியிருந்தது. தமிழர் காதுக்கு இந்த ஆல்பம் முதலில் சற்று அபசுரமாகக்கூடப் படலாம்.

இந்தக் குழுவை இதுவரை கேட்காதவர்கள் 'நகுமோமு'விலிருந்து தொடங்குவது நல்லது, தெரிந்த மெட்டு என்பதால் கிட்டார் என்ன செய்கிறது என்று கவனிக்கக் காது சும்மா இருக்கும். பிறகு ஜான் லீ ஹூக்கரின் 'பூகி சில்லன்' ஒரு முறை. அடுத்து 'என்னப்பனே'. ஜாவாவுக்கு அவசரமாகப் போகவேண்டியதில்லை.